மாடு கூப்பிடாத நாள்

ஒரு வீட்டில் இரண்டு கறவை மாடு இருந்தால், ஒன்று கறக்கும்போது மற்றது சினையாக நின்று வற்ற வேண்டும். அது கன்று போட்டுக் கறக்க ஆரம்பித்த பிறகுதான் இது வற்ற வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை. ஊரில் மாடு கட்டியிருக்கும் எல்லாருக்கும் தெரியும். மாட்டுக்கே தெரியும். வெல்டருக்கும் தெரியும். தெரிந்தேதான் இரண்டுக்கும் ஒரே வாரத்தில் சினை ஊசி போடவைத்தான்.

முதலில் கொம்புள்ள மாடான கொம்பிக்குப் பருவம் வந்தது. கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனார். அந்த ஈரம் காய்வதற்குள் கொம்பில்லாத மொட்டையும் கத்த ஆரம்பித்தது. இந்தத் தடவை அதை விட்டுவிடலாம், கொஞ்ச மாதம் தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவி சொன்னாள். அவனும் சரி என்றான். அவள் புல் அறுக்கப் போயிருந்தபோது அந்தப் பக்கமாக பைக்கில் போன டாக்டர், கத்தலைக் கேட்டு வண்டியை நிறுத்தி, இதுக்கும் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். அதற்கும் சரி என்றான். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அன்றைக்குக் கேட்டது டாக்டர் பாதி, மாடு பாதி.

மாதங்கள் ஓடின. இரண்டு மாடும் வயிறு பெருத்து, ஒன்றின் பின் ஒன்றாகப் பால் வற்றின. ஊர் சிரித்தது. பட்டறைக்குக் கேட் அடிக்க வந்தவர்கள்கூட, "டீ குடிக்க எங்க வீட்டுக்கு வா வெல்டரே, எங்க வீட்டுல பால் இருக்கு" என்று அக்கறையாக அழைத்தார்கள். அதற்கும் அவன் சரி என்றுதான் சொன்னான்.

அவளும் இரண்டு நாள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். மூன்றாம் நாள் மாலை, கறக்கும் நேரத்துக்குப் பழக்க தோஷத்தில் குவளையைக் கழுவி எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனவள், கறக்க ஒன்றுமில்லை என்று நினைவு வந்து அப்படியே நின்றாள். கொம்பி அவளைப் பார்த்து அசை போட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்ச் சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டினாள். அறுவடை விடுமுறை, மாடுகள் கன்று போடுவதற்கு நன்றாக முன்னாலேயே வந்தது.

அதன் பிறகு அவள் புருஷனைத் திட்டவில்லை. அவனுக்கு அது அதிகப் பயமாக இருந்தது.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான வருஷத்திலிருந்து, பட்டறைக்கு விடுமுறை வந்தால், காலையில் மாட்டைக் கறந்து பாலைச் சங்கத்தில் ஊற்றிய கையோடு ஓடைக்குக் கிளம்பிவிடுவார்கள். முதலில் இரண்டு பேர்; அப்புறம் இடுப்பில் ஒரு பெண்; அந்தப் பெண் நடக்க ஆரம்பித்ததும் தோளில் ஒரு பையன். கூடையில் அவித்த முட்டை, வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர். ஓடையை ஒட்டியே மேல்நோக்கி நடப்பார்கள். வழியில் ஒரு கறுப்புப் பாறை உண்டு. அங்கே உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். வெயில் சாயத் தொடங்கும்போது வெல்டர் கையைத் தட்டி, "மாடு கூப்பிடுது" என்பான். அந்தச் சொல்லுக்கு மேல் அப்பீல் கிடையாது. அழுகிற குழந்தையும் எழுந்துவிட வேண்டும். மாலைக் கறவைக்கு வீடு திரும்பியாக வேண்டும்.

கறுப்புப் பாறைக்கு அப்பால் ஓடை வளைந்து மறைந்துவிடும். அந்த வளைவுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் வரும். சாதாரணச் சத்தமில்லை, லாரியிலிருந்து ஜல்லி இறக்குவதுபோல ஓயாத சத்தம். அது என்ன என்று போய்ப் பார்க்க நேரம் இருந்ததே இல்லை. பெரியவள் அது பெரிய அருவி என்றாள். சின்னவன், அங்கே ஒரு பூதம் குளிக்கிறது என்றான். வெல்டர் இரண்டும் சரி என்றான். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் எழுந்து நடக்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். மாட்டுக்கு முதுகெலும்பு ஒடிய உழைப்பதில் அவளுக்கு வருத்தமில்லை. அந்த ஒரு வளைவைத்தான் மாடு அவளிடமிருந்து பிடுங்கி வைத்திருந்தது.

இந்த வருஷம் மாடு கூப்பிடாது. ஊர் சிரித்த முட்டாள்தனம், அவள் கையில் ஒரு முழு நாளாக வந்து விழுந்திருந்தது. இனி இப்படி ஒரு நாள் வேண்டுமென்றால், அவன் இன்னொரு முறை அதே தப்பைச் செய்ய வேண்டும். இரண்டாம் தடவை அவள் அதை அனுமதிக்கமாட்டாள் என்பது அவளுக்கே தெரியும்.

அப்போதுதான் தலைவர் வந்தார்.

பால் சங்கத் தலைவர் வெல்டருக்குத் தாய்மாமன். அந்த உறவை அவர் பதவிக்குக் கீழே வைத்திருந்தார். அக்கா மகனே ஆனாலும் "தலைவர் மாமா" என்றுதான் கூப்பிட வேண்டும். குடிக்கத் தண்ணீர் கேட்பதென்றாலும் மேடைத் தமிழில்தான் கேட்பார். ஒருமுறை மாடு முட்டி வரப்போரம் மல்லாந்து கிடந்தபோது, தூக்க வந்தவர்களுக்கு நன்றியுரை சொல்லி முடித்த பிறகுதான் எழுந்தார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சுதான் என்றாலும், கேட்ட யாரும் நம்பாமல் இருந்ததில்லை.

அவர் வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, வந்த சேதியை விரித்தார். அறுவடை விடுமுறையன்று சங்க வளாகத்தில் குடும்ப நாள் கொண்டாடப்படுகிறது. பந்தல், மேடை, ஒலிபெருக்கி எல்லாம் உண்டு. ஓய்வைப் பற்றியே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய அறிஞர் ஒருவர் நகரத்திலிருந்து வந்து, உழைக்கும் குடும்பங்களுக்கு ஓய்வு எவ்வளவு அவசியம் என்று உரையாற்றுவார். உறுப்பினர் குடும்பங்கள் அனைத்தும் காலையிலிருந்து மாலைக் கறவை வரை இருந்தாக வேண்டும்.

"அவருக்கு அன்னிக்கு லீவு இல்லையா?" என்று அவள் கேட்டாள்.

அவருக்கு ஓய்வே கிடையாது, ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டே இருப்பவர் என்று தலைவர் பெருமையாகச் சொன்னார். சொன்னதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி முக்கியமான சேதிக்கு வந்தார். ஊரிலேயே விடுமுறை தவறாமல் குடும்பத்தோடு வெளியே போகிற ஒரே குடும்பம் இதுதான். ஆகவே முன்மாதிரிக் குடும்பம் என்று இவர்களைத் தேர்ந்தெடுத்துக் கேடயம் வழங்கப் போகிறார்கள். நாலு பேரும் முன்வரிசையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். அறிஞர் பேச்சின் நடுவே அவ்வப்போது இவர்களைச் சுட்டிக்காட்டுவார். அதற்காக நாலு பேருக்கும் ஒரே மஞ்சள் துணியில் தைத்த உடுப்பும் கொண்டுவந்திருக்கிறார்.

அதாவது, வெளியே போகிற குடும்பம் என்பதற்காக அவர்களை வெளியே போகவிடாமல் உட்காரவைத்துப் பாராட்டப் போகிறார்கள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் வெல்டர், "சரிங்க தலைவர் மாமா" என்றுவிட்டான்.

அன்று மாலை, கறக்க வேலையில்லாத தொழுவத்தில் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். மாடுகள் இரண்டும் வேடிக்கை பார்த்தன. அவன் தன் பக்கத்தை எடுத்துச் சொன்னான். சங்கத்தின் வரவேற்பு வளைவை வெல்டிங் செய்யும் வேலையைக் கொடுத்ததே மாமாதான். "குடும்ப நாள்" என்ற இரும்பு எழுத்துகளை வெட்டி ஒட்டியதே இவன் கைதான். பெரிய மனுஷன் வீடு தேடி வந்து கேட்கிறார்.

"அவர்கிட்ட எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"வாயாலதான். வேற எதால?"

அவள் சாணக்கூடையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கொஞ்சம் தணிந்து சொன்னாள். "ஒன்பது வருஷமா அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு முதுகைக் காட்டிட்டு வர்றேன். இந்த ஒரு நாள் எனக்கு வேணும். நீங்க வந்தாலும் வராட்டாலும் நான் புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவேன்."

"சரி," என்றான் அவன். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரிந்திருக்க நியாயமில்லை.

மறுநாள் அவளே சங்க அலுவலகத்துக்குப் போனாள். தலைவர் வரவேற்புரையை மைக் இல்லாமலே மைக் பிடித்த பாவனையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பால் கேன்கள் வரிசையாக நின்று கேட்டுக்கொண்டிருந்தன. அவள் வரமுடியாது என்று சொன்னதும், அவர் ஒத்திகையிலிருந்து இறங்கி வர ஒரு நிமிஷம் பிடித்தது. குடும்பங்களின் நலனுக்காகத்தானே இத்தனை ஏற்பாடும் என்று வருத்தப்பட்டார்.

"எங்க நலனுக்குன்னா, எங்களை விட்டுருங்க தலைவரே. நாங்க பாட்டுக்குப் போயிட்டு வந்துருவோம்."

கேடயத்தில் எழுத்து பொறித்தாகிவிட்டது, அறிஞரின் உரையில் இவர்களுக்கு மூன்று இடத்தில் வேலை இருக்கிறது, இதெல்லாம் ஒரு குடும்பம் ஓடைக்குப் போகிறது என்பதற்காக மாற்றக்கூடிய விஷயமா என்று அவர் கேட்டார். அப்படியும் அவள் நின்ற இடத்தில் நிற்கவே, மேடைத் தமிழ் கழன்று விழுந்து உள்ளே இருந்த சொந்தத் தமிழ் எட்டிப் பார்த்தது.

"நாளைக்கு மாடு கன்னு போடும்ல? அப்போ பாலை எங்கம்மா கொண்டுபோய் ஊத்துவ?"

"இங்கதான். வேற சங்கம் இருக்கா? நான் உங்க கூட்டத்துக்கு வரலைங்கறதுக்காக எங்க மாட்டுப் பால் திரிஞ்சிராது."

"உன் புருஷன் சரின்னுட்டானே."

"அவர் எல்லாத்துக்கும் சரிம்பார். அதனாலதான் எங்க வீட்டுல ரெண்டு மாடும் ஒண்ணா நிக்குது," என்றாள் அவள். பால் அளக்கும் பையன் சிரிப்பை அடக்கக் கேன் மூடியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான். தலைவர் கண்ணை மூடி, இந்தப் பேச்சு நடக்கவே இல்லை என்று தீர்மானித்துக்கொண்டார். கடைசி நேரத்தில் வந்துவிடுவார்கள். பாராட்டு வேண்டாம் என்று சொல்பவரை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

விடுமுறை விடிந்தது. முதல் நாளே அவள் மாடுகளுக்கு வேண்டிய தீவனத்தைக் குவித்து, தொட்டி நிறையத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். சாயங்காலம் ஒரு கட்டு வைக்கோல் உதறிப் போடப் பக்கத்து வீட்டுத் தையல்காரி அக்கா ஒப்புக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சள் உடுப்புகளைத் தைத்ததே அவள்தான். "அந்தத் துணி வியர்வையை உறிஞ்சாது, ஒழுங்கா ஓடைக்கே போங்க" என்று தொழில் ரகசியத்தை அவளே உடைத்தாள்.

வெல்டர் விடிந்ததும் குளித்து, மஞ்சள் சட்டையையும் போடாமல், பழைய சட்டையையும் போடாமல், பனியனோடு நடுவீட்டில் நின்றான். அவள் கூடையில் முட்டையை அடுக்கினாள். கடைசியில் அவன் கொக்கியிலிருந்து பழைய சட்டையை எடுத்துக்கொண்டு, வயல் வரப்பு வழியாகப் பின்பக்கமாகப் போய்விடலாமே, யார் கண்ணிலும் படவேண்டாம் என்றான்.

"நாம என்ன திருட்டு மாடா ஓட்டிட்டுப் போறோம்? ரோட்டு வழியாவே போவோம்," என்றாள். மஞ்சள் உடுப்புகளை மடித்து ஒரு மூட்டையாகக் கட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஓடைக்குப் போகும் ரோடு சங்க வளாகத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. அவன் வெல்டிங் செய்த வளைவு ரோட்டின் குறுக்கே நின்றது. இடது பக்கம் பந்தல், மேடை. முன்வரிசையில் சிவப்புத் துணி போர்த்திய நாலு நாற்காலி. ஊர் முக்கால்வாசி வந்து உட்கார்ந்திருந்தது. அறிஞர் மேடையில் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைக்செட்காரருக்கு உற்சாகமான குரல். கண்ணில் படுவதையெல்லாம் அறிவிக்கிற பழக்கம்.

"இதோ, நமது முன்மாதிரிக் குடும்பம் வளைவின் வழியாக வந்துகொண்டிருக்கிறது," என்று ஒலிபெருக்கிக் குழாய்கள் முழங்கின. கூட்டம் கைதட்டியது. சின்னவன் அப்பாவின் தோளிலிருந்தபடியே எல்லாருக்கும் கையசைத்தான். "குடும்பம் முன்வரிசையை நெருங்கிக்கொண்டிருக்கிறது. நாற்காலியை அடைந்துவிட்டது."

அவள் நாற்காலிகளின் முன்னால் நின்றாள். மூட்டையை அவிழ்த்து, நாலு உடுப்பையும் நாலு நாற்காலியின் முதுகில் ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். பையனின் சின்னச் சட்டை சரிந்தது, நிதானமாகச் சரிசெய்தாள். பிறகு பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஏறினாள்.

தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்த வேகத்தை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் அவளிடம் வரவில்லை. எங்கே இளகும் என்று தெரிந்து, நேராக மருமகனின் கையைப் பிடித்தார். ஊர் பார்க்கிறது என்றார், பெரிய மனிதர் காத்திருக்கிறார் என்றார். தான் தூக்கி வளர்த்த பிள்ளை என்று சொல்லும்போது நிஜமாகவே குரல் உடைந்தது.

"வாப்பா. மாமா சொல்றேன்ல. வந்து உட்காரு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவனுக்காக இரங்கிவிடுவோம் என்று பயந்தாள். காது மட்டும் முழுக்கப் பின்னால் இருந்தது.

"சரிங்க மாமா," என்றான் வெல்டர்.

அதைக் கேட்டும் அவள் நிற்காமல் காலை எடுத்து வைத்தாள். அடுத்த அடியில் பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அவன்தான். தோளில் பையனோடு, மாமனின் பிடியிலிருந்து கையை மெதுவாக உருவிக்கொண்டு, அவளுக்கு இணையாக நடந்தான். பின்னாலிருந்து தலைவர் மறுபடி கூப்பிட்டார். "சரிங்க மாமா, சரிங்க மாமா," என்று மரியாதை குறையாமல் சொல்லிக்கொண்டே அவன் நடையை எட்டிப் போட்டான். நெற்றியில் வியர்வை வழிந்தது. இரும்பை உருக்கும்போதுகூட அவனுக்கு அப்படி வியர்த்து அவள் பார்த்ததில்லை.

"முன்மாதிரிக் குடும்பம்," என்றார் மைக்செட்காரர், வாய்ப் பழக்கத்தில் நிறுத்த முடியாமல், "போய்க்கொண்டிருக்கிறது."

கூட்டத்தில் எங்கோ ஒருவன் கைதட்டினான். அது எதற்கான கைதட்டல் என்று தலைவர் வெகுநாள் விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஓடைக் கரையில் ஏறிய பிறகும் குழாய்ச் சத்தம் விடவில்லை. ஓய்வு என்பது சோம்பலல்ல என்று அறிஞர் மரங்களுக்கு இடையே வந்து சொன்னார். அடுத்த வளைவில், குடும்பத்தோடு இயற்கையை நாடிச் செல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். "அதைத்தானே செய்றோம், இந்த ஆளு ஏன் கத்துறாரு?" என்று பெரியவள் கேட்டாள். நடக்க நடக்கக் குரல் தேய்ந்து, கொசுவாகி, கறுப்புப் பாறைக்கு வந்தபோது இல்லாமல் போனது. பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேர் அந்நேரம் தூங்கிவிட்டார்கள் என்று தையல்காரி அக்கா பிறகு சொன்னாள். உரையின்படி நடந்துகொண்டவர்கள் அவர்கள்தான். கேடயம் நாற்காலிகளில் ஒன்றுக்கு வழங்கப்பட்டதாம்; மஞ்சள் சட்டையோடு அது படத்தில் நன்றாகவே விழுந்திருந்தது.

கறுப்புப் பாறையில் நாலு பேரும் வழக்கம்போல உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டார்கள். அவள் மட்டும் சீக்கிரம் எழுந்தாள்.

வளைவுக்கு அப்பால் பாதை இல்லை. பாறைமேல் தொற்றி ஏற வேண்டியிருந்தது. வெல்டர் முதலில் பிள்ளைகளை ஏற்றினான். அவள் வழுக்கி, முழங்கை சிராய்த்து, புடவை ஓரம் கிழிந்து ஏறினாள். சத்தம் காதை அடைத்தது. ஒரு புதரை விலக்கினார்கள்.

அருவி அவள் தோள் உயரம்கூட இல்லை.

பெரியவள் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள். சின்னவன் பூதத்தைத் தேடினான். தண்ணீர் விழுந்த இடத்துக்குப் பின்னால் பாறை குடம்போலக் குடைந்திருந்தது. அந்தக் குடைவுதான் சத்தத்தை வாங்கிப் பத்து மடங்காக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"இத்தனூண்டு இருந்துக்கிட்டா இவ்வளவு சத்தம் போட்டுச்சு?" என்றான் வெல்டர்.

"உங்க மாமாவுக்கு என்ன உறவுன்னு கேளுங்க," என்றாள் அவள்.

அவன் சிரித்தான். மாமாவைப் பற்றி யாரும் சிரித்தால் தலையைக் குனிந்துகொள்பவன், அன்று பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் கிழிந்த புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தக் குட்டை அருவிக்குக் கீழே போய்க் குந்தி உட்கார்ந்தாள். குட்டைதான் என்றாலும் தண்ணீர் முதுகில் அறைந்தது. ஒன்பது வருஷம் குனிந்து பால் கறந்த முதுகு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குழந்தைகள் கூப்பிட்டது கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த நேரத்துக்கு எழுந்திருக்கமாட்டாள்.

பகல் நகர்ந்தது. வெயில் சாயத் தொடங்கியபோது, யாரும் சொல்லாமலே நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கறவை நேரம் அவர்கள் உடம்பில் அப்படி ஊறியிருந்தது. அவள் கை தானாகக் கூடையைத் தேடியது. பெரியவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா, மாடு கூப்பிடுதா?"

வெல்டர் ஊர்ப் பக்கமாகத் திரும்பிக் காதைக் கொடுத்தான். மாட்டைத்தான் கேட்டானோ, மாமாவைத்தான் கேட்டானோ. அவனுடைய வாய் அந்தப் பழைய 'சரி'க்கே போனது; பிறகு மாறியது.

"இல்ல," என்றான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் திகைத்து நின்றான். பிறகு எல்லாருக்கும் முன்னால் பாறையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தாராளமாக நீட்டிக்கொண்டான். அவள் கூடையைக் கீழே வைத்தாள். அடியில் ஒரு முட்டை மிச்சமிருந்தது. அவசரமில்லாமல் அதன் ஓட்டை உரிக்க ஆரம்பித்தாள்.